வீட்டில் செய்த உணவை ஆன்லைனில் விற்கலாமா? சட்டச் சிக்கல் வருமா, எவ்வளவு பாதுகாப்பானது?

விற்கலாம். ஆனால் ‘வீட்டில்தானே செய்கிறேன், கடையா வைத்திருக்கிறேன்’ என்ற பேச்சு பெரும்பாலான நாடுகளில் எடுபடாது. காசு வாங்கிப் பொட்டலம் கொடுத்தால் அது உணவு வியாபாரம். வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்தாலும் அப்படித்தான். முதலில் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்புத் துறையில் விசாரித்துப் பதிவோ லைசென்சோ வாங்குங்கள். கூரியரில் எல்லை தாண்டி அனுப்பினால் விதிகள் மாறும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு கெடுபிடி என்பது பண்டத்தைப் பொறுத்தது. பிஸ்கட், ஜாம், உலர்ந்த பொடி போன்று ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்குபவற்றுக்குப் பொதுவாக விதிகள் எளிது. இறைச்சி, மீன், பால் பண்டம், வெந்த சோறு என்றால் கடுமை. தாங்குமா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும்: பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் வாட்டர் ஆக்டிவிட்டி (கிருமிகள் வளரப் பயன்படும் ஈரத்தின் அளவு) 0.85 அல்லது அதற்குக் கீழே.

4.6 என்ற எண்ணுக்குக் காரணம் போட்டுலினம் கிருமி. புளிப்பில்லாத, காற்றுப் புகாத இடத்தில் அதன் வித்துகள் முளைத்து நஞ்சைக் கக்கும். வாடையோ ருசி மாற்றமோ இல்லாமலும் அந்த நஞ்சு இருக்கலாம். சாதாரணக் கொதியில் வித்துகள் சாகாது, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பதும், கொதிக்கவைத்த குழம்பைப் பாட்டிலில் அடைத்து ‘ஆறு மாதம் கெடாது’ என்று எழுதுவதும் இதனால்தான் ஆபத்து. வேக்கூம் பேக்கிங் இங்கே காப்பாற்றாது, கிருமிக்குத்தான் வசதி. பிஎச் தாளை நம்பாதீர்கள், பண்டத்தின் நிறமே தாளில் ஏறிவிடும். டிஜிட்டல் பிஎச் மீட்டரை பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த கரைசல்களில் சரிபார்த்துவிட்டு, துண்டுகளையும் சேர்த்து அரைத்து அளவெடுங்கள். மேலே நிற்கும் சாற்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

வெந்த சோற்றில் சிக்கல் வேறு. அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5-க்கு இறக்க வேண்டும். பெரிய பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி ஆற வையுங்கள். டெலிவரியில் சூடானது 60-க்கு மேல், குளிர்ந்தது 5-க்குக் கீழ்.

லேபிளில் பெயர், எடை, அதிக அளவில் தொடங்கி இறங்குவரிசையில் சேர்மானங்கள், தேதிகள், பேட்ச் எண், முகவரி வேண்டும். ஒவ்வாமைப் பொருட்களை விற்பனைப் பக்கத்திலும் எழுதுங்கள், பொட்டலம் கைக்கு வந்தபின் தெரிந்து பயனில்லை. வேர்க்கடலை அரைத்த அதே மிக்ஸியில் வேறு பொடி அரைத்தால் அதையும் சொல்ல வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் கடைப் பாக்கெட்டைப் பார்த்துப் போடாதீர்கள். அவர்கள் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் உங்களிடம் இல்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்று 48 மணி நேரம் கழியும்வரை சமையலறைப் பக்கமே வரக் கூடாது. வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வியாபார இழப்பை ஏற்காது, தனிப் பாலிசி தேவைப்படும். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பொட்டலத்தைக் காலாவதித் தேதி தாண்டும்வரை எடுத்து வையுங்கள். புகார் வந்தால் சோதிக்க அதுதான் கையில் இருக்கும்.