வாசகர் கேள்வி: ரோபோவின் கையைத் தாங்குவது எது?

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு ரோபோ செய்கிறோம். கையைத் தூக்கி நிறுத்தினால் மோட்டார் சூடாகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் கை தடாலென்று விழுகிறது. வாயு ஸ்பிரிங் வேண்டுமா, டாம்பர் போதுமா? விதி அனுமதிக்குமா?

பதில்: டாம்பர் எடையைத் தாங்காது; நகரும்போது மட்டும் வேகத்துக்கேற்ப எதிர்த்து, அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். எனவே அதை மட்டும் பொருத்தினால் கை மெதுவாக விழுமே தவிர, விழாமல் இராது. மோட்டாரின் சூடும் தணியாது. சுமையை வாங்கிக்கொள்வது, கார் டிக்கிக் கதவைத் தாங்கும் அதே நைட்ரஜன் அடைத்த வாயு ஸ்பிரிங்தான்.

வாங்குமுன் கணக்குப் போடுங்கள். 4 கிலோ எடையுள்ள கையின் எடை மையம் சுழல் அச்சிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருந்தால், கை கிடையாக நிற்கும்போது அதன் திருப்பு விசை 4 × 9.8 × 0.5, அதாவது 19.6 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங்கின் விசைக்கோடு, அதாவது அது தள்ளும் நேர்கோடு, அச்சிலிருந்து 8 செ.மீ. விலகிச் சென்றால், அதைச் சமன்செய்ய 245 நியூட்டன் வேண்டும். ஸ்பிரிங்கின் உருளை மேல் 250 நியூட்டன் என்று அச்சிட்டிருப்பதைத் தேடலாம். ஆனால் கை செங்குத்தை நெருங்க நெருங்க எடையின் திருப்பு விசை பூச்சியத்தை நோக்கிக் குறையும், ஸ்பிரிங்கின் விசையோ அவ்வளவாகக் குறையாது. ஆகவே அப்போது விசைக்கோடும் அச்சை நெருங்கும்படி ஸ்பிரிங்கின் முனைகளைப் பொருத்தாவிட்டால், இன்று தூக்கத் திணறும் மோட்டார் நாளை இறக்கத் திணறும். உண்மை அளவில் அட்டையை வெட்டி, குண்டூசியில் சுழற்றிப் பார்த்தாலே இது விளங்கிவிடும். பெரும்பாலான அணிகள் இதைச் செய்யாமல் வலுவான ஸ்பிரிங்கைத் தேடி ஓடுகின்றன.

ஸ்பிரிங்கின் தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டு விசை அந்த வளையத்தைக் கெடுக்குமாதலால் இரு முனைகளிலும் பந்து மூட்டு வேண்டும். பிஸ்டனின் சிறு துளை வழியே வாயு செல்ல வேண்டியிருப்பதால் ஸ்பிரிங்கே வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும்; மிக விரைந்து வீச வேண்டிய கைக்கு அது ஒத்துவராது.

கடையில் கிடைக்கும், மூடிய அமைப்புள்ள வாயு ஸ்பிரிங்குகளை அப்போட்டியின் விதிகள் ஆற்றல் சேமிப்பாக ஏற்றுவந்துள்ளன. விதிநூல் ஆண்டுதோறும் மாறுவதால் நடப்பு ஆண்டின் நூலைப் பார்த்துவிடுங்கள். உருளையைத் துளைக்கவோ பிரிக்கவோ கூடாது. மோட்டாரையும் கையையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றினால் கை திடீரென மேலே எகிறி முகத்தில் அடிக்கக்கூடும் என்பதால், பழுது பார்க்குமுன் கையை அசையாமல் பிடிக்கும் பூட்டூசி செருகுங்கள். டாம்பருக்கும் இடமுண்டு: கை நிறுத்தத்தில் மோதும் கடைசிச் சில பாகைகளில் மட்டும் அது தொடும்படி வையுங்கள்.