பொழுது விடிந்தால் அதே காப்பி-பேஸ்ட்டா?

ஒன்பது கிளைகளின் தினசரி விற்பனைக் கணக்கு ஒன்பது எக்செல் கோப்புகளாக மெயிலில் வருகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து ஒரே ஷீட்டில் ஒட்டி முடிப்பதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிடுகிறது. மேக்ரோ எழுதக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
ஜவுளி நிறுவன ஊழியர், ஈரோடு

மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல், இதற்குத் தேவையில்லை. எக்செல் 2016 அல்லது அதற்குப் பிந்தையது உங்களிடம் இருந்தால், பல கோப்புகளைத் திரட்டிச் சேர்க்கும் பவர் குவெரி என்ற கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒன்பது கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ‘டேட்டா’ டேபில் ‘கெட் டேட்டா’ (2016-இல் ‘நியூ குவெரி’), ‘ஃப்ரம் ஃபைல்’, ‘ஃப்ரம் ஃபோல்டர்’ என்று போய் ‘கம்பைன்’ கொடுங்கள். நாளையிலிருந்து கோப்புகளை அந்த ஃபோல்டரில் சேமித்து ‘ரெஃப்ரெஷ் ஆல்’ அமுக்கினால் போதும்.

இது சுலபமான பாதி. மறுபாதி கிளைக்காரர்கள் கையில் இருக்கிறது. ஒன்பது பேரும் ஷீட்டுக்கு ஒரே பெயரும் பத்திகளுக்கு ஒரே தலைப்பும் வைத்திருக்க வேண்டும். கோபி கிளையில் யாரோ ‘தொகை’ என்பதை ‘மொத்தத் தொகை’ என்று மாற்றிவிட்டால் பவர் குவெரி கூப்பாடு போடாது. அந்தக் கிளையின் தொகையை மட்டும் சத்தமில்லாமல் காலியாக விட்டுவிடும். அதனால் மாதிரிக் கோப்பு ஒன்றை நீங்களே தயாரித்து, தலைப்பு வரிசையைப் பூட்டி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமும் போட்டு வையுங்கள்: இன்று எத்தனை கிளை வந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை பில், எவ்வளவு தொகை. நான் பயிற்சி கொடுத்த ஓர் இடத்தில் ஒரு கிளை ஒரே கோப்பை இரண்டு பெயரில் அனுப்பிவிட்டது. விற்பனை அமோகம் என்று முதலாளி எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரிய இடங்களிலும் இப்படிக் கணக்குத் தவறும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனாப் பரிசோதனை முடிவுகளை அந்த வடிவத்தில் சேர்க்கப்போய், 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமலே விடுபட்டன. வந்தது எத்தனை, சேர்ந்தது எத்தனை என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் தானாகவே பூஜ்யமாகிவிடுகிறது. கம்ப்யூட்டரில் வைரஸா?
கூட்டுறவுச் சங்க எழுத்தர், கடலூர்

வைரஸ் இல்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். ஏற்கெனவே பூஜ்யமானவை திரும்பி வராது; பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

மாதம் 14ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். 20ஆம் தேதிக்குள் கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எக்செல்லில் விலுக்அப் ஃபார்முலா போட்டுத் தேடினால் பாதி பில்கள் சிக்குவதே இல்லை.
ஆடிட்டர் அலுவலக உதவியாளர், மதுரை

ஃபார்முலா மேல் பழி போடாதீர்கள். சப்ளையர் தன் பில்லை ‘0045/24-25’ என்று ஏற்றியிருப்பார். உங்கள் கட்சிக்காரர் ‘45’ என்று பதிந்திருப்பார். நமக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு வேறு வேறு. இரண்டு பட்டியலிலும் தனிப் பத்தி ஒன்று சேர்த்து, அதில் பில் எண்ணிலிருந்து ஸ்பேஸ், கோடு, சாய்கோடு, முன்னால் உள்ள பூஜ்யங்கள், நிதியாண்டு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். அதன் முன்னால் ஜிஎஸ்டி எண்ணை ஒட்டி, அந்தக் கூட்டுச் சாவியை வைத்துத் தேடுங்கள். ‘ட்ரிம்’ போட்டும் ஸ்பேஸ் போகவில்லையென்றால் அது வலைத்தளத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறு ரக ஸ்பேஸ், குறியீட்டு எண் 160. ‘சப்ஸ்டிட்யூட்’ கொண்டு அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

முதல் சுற்றில் சிக்காதவற்றை ஜிஎஸ்டி எண்ணும் வரித்தொகையும் வைத்து, ஒரு ரூபாய் வித்தியாசம் வரை விட்டுக்கொடுத்து, இரண்டாம் சுற்று தேடுங்கள். மூன்றாம் சுற்றுதான் பலரும் செய்யாதது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (நமக்கு 33), அடுத்த பத்து பான் எண். சப்ளையருக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் பதிவு இருந்து, உங்கள் கட்சிக்காரர் பெங்களூரு பில்லைச் சென்னை எண்ணில் பதிந்திருந்தால் முதல் இரண்டு சுற்றிலும் அது சிக்காது. சாவியில் முழு ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் இந்தப் பத்து எழுத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள், வந்து விழும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

பழைய பத்திரங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. ஒரு பெயரைத் தேடக்கூட ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டியிருக்கிறது.
வக்கீல் அலுவலகத் தட்டச்சர், தஞ்சாவூர்

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் தமிழ் வடிவம் தெரிகிறது, அவ்வளவே. அதனால்தான் தேடல் கைவிரிக்கிறது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிப்பது யூனிகோடு. தமிழக அரசே 2010-இல் அதற்கு வந்துவிட்டது, நீங்களும் வந்துவிடுங்கள். மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்றே நினைத்து அது தமிழாக்கித் தொலைக்கும். கட்சிக்காரரின் இன்ஷியல், பான் எண், சர்வே எண்ணோடு ஒட்டிய ஆங்கில எழுத்து இவற்றை மூலத்தோடு வைத்துப் பாருங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

‘மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல உரிமைகளையும்’ வகைப் பத்திகளை இனிமேல் முழுதாக அடிக்காதீர்கள். வேர்டில் ‘ஆட்டோகரெக்ட்’டில் ஒரு சுருக்கெழுத்துக்கு முழுப் பத்தியையே கொடுத்து வைக்கலாம்.

ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு ஒரே அமுக்கில் வாட்ஸ்அப் அனுப்பும் சாஃப்ட்வேர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
கடை உரிமையாளர், கோவை

வேண்டாம். அது வாட்ஸ்அப்பின் விதிகளை மீறியது. கடை எண்ணே முடங்கிவிடலாம். திரும்பத் திரும்ப அனுப்பும் வாசகங்களைச் சேமித்து வைக்க, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள ‘குவிக் ரிப்ளை’யை முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.

மேக்ரோ எழுதி நான்கு மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் முடிக்கிறேன். மேலாளரிடம் சொல்லலாமா? சொன்னால் இன்னொருவர் வேலையையும் என் தலையில் கட்டுவார்.
பெயர் வேண்டாம், சென்னை

கட்டுவார், சந்தேகமில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் பழைய முறையையும் புதியதையும் சேர்த்தே ஓட்டி, இரண்டின் மொத்தமும் ஒத்துப்போவதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். மிச்சமாகும் நேரத்தில் எந்த வேலை வேண்டும் என்று அவர் முடிவு செய்வதற்கு முன்னால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

மறைத்தவன் கதை என்னுடையதுதான். எட்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் சம்பளப் பட்டியல் மேக்ரோ ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். டைபாய்டில் படுத்த மாதம், எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் ஷீட்டில் இருந்த பட்டனை என்னவென்று தெரியாமல் இரண்டு முறை அமுக்க, முன்பணப் பிடித்தம் எல்லோருக்கும் இரட்டிப்பாகிவிட்டது. மேக்ரோ ஓடிய பிறகு கண்ட்ரோல்-இசட் பலிக்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? படுக்கையிலிருந்தபடி போனில் வரிசை வரிசையாகச் சொல்லித் திருத்த வைத்தேன். இப்போது என் மேக்ரோக்களின் முதல் வரி, கோப்பைத் தேதியோடு தனி நகல் எடுப்பது. இரண்டாம் வரி, இந்த மாதம் ஏற்கெனவே ஓடியிருந்தால் அங்கேயே நிற்பது. உங்களுடையதிலும் இந்த இரண்டையும் சேர்த்துவிட்டு மேலாளர் அறைக்குப் போங்கள்.