62% அட்டெண்டன்ஸ், மேத்ஸ் இன்டர்னல்ல ஃபெயில், பிடிஎஃப் படிச்சா போதுமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, கிளாஸுக்குப் போகாம நோட்ஸ் பிடிஎஃப் மட்டும் படிச்சா போதாதுப்பா. நானும் கடலூர்லேருந்து பாண்டிக்கு டெய்லி பஸ்ல போனவன்தான், அரியாங்குப்பத்துல டிராஃபிக்ல மாட்டி ஃபர்ஸ்ட் ஹவர் போயிடும், சரி இனிமே எதுக்குன்னு பீச்சுக்குப் போயிடுவேன், அப்படியே பழகி ஃபர்ஸ்ட் செம்ல ரெண்டு அரியர் விழுந்துச்சு, அம்மா முகத்த பாக்க முடியல.

மேத்ஸ்ல ஒரு நாள் விட்டா மறுநாள் நடத்துறதும் புரியாது, அங்கதான் அடி. 2010ல க்ரெடேன்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும் நிறைய ஆய்வுகள சேத்து பாத்தாங்க, காலேஜ் மார்க்க முன்கூட்டி சொல்றதுல ஸ்கூல் மார்க்க விட அட்டெண்டன்ஸ்தான் முன்னாடி நின்னுச்சு. அதனால பிளஸ் டூல நல்ல மார்க்குங்கிறத நம்பி இருக்காத.

கணக்கு போட்டுக்கோ. செமஸ்டர் 90 நாள், 50 நாள் முடிஞ்சு நீ 31 நாள் போயிருக்கேன்னா, 75% அட்டெண்டன்ஸுக்கு 68 நாள் வேணும், மீதி 40ல 37 நாள் போயே ஆகணும், மூணு நாள்தான் கையில. வழக்கமா போற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ல ஏறு. லேட்டானாலும் ரெண்டாவது ஹவர்ல போய் உக்காரு, திரும்பிடாத. மேத்ஸ் சார்கிட்ட நாளைக்கே போய் பேசு தம்பி, ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்து கேட்டா பெரும்பாலும் சொல்லித்தருவாங்க.