வாசகர் கேள்வி – பதில்: உவர்க்கும் கிணறும் மாரித் தண்ணீரும்

கேள்வி: ஆடி, ஆவணியில் எங்கள் கிணறு உப்புக் கரிக்கிறது. இன்னும் இரண்டு கொட்டு (கிணற்று வளையம்) இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வராது, இன்னும் உவர்க்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள உங்கள் மணல் நிலத்தில், மாரியில் இறங்கிய நன்னீர் பாரமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் நிரந்தரமாக ஓரங்குலம் தாழ்ந்தால் உப்புநீர் ஏறத்தாழ 40 அங்குலம் மேலேறும் என்பது கணக்கு. கொட்டு இறக்குவது அந்த உப்பை நோக்கிப் போவதுதான்.

மோட்டர் போட்டு ஒரே மூச்சாய் இறைத்தாலும் இதே கதி. கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். மோட்டரை நிறுத்தினாலும் உடனே இறங்காது. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரைக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதைக் கழுவியது மழைதான்.

அரைக் குதிரைவலு மோட்டர் போதும். காலையும் மாலையும் கால் மணி நேரம் இறைத்து 500 லீட்டர் தாங்கியில் சேருங்கள். உறிஞ்சும் பக்கத்துக்கு வளையக்கூடிய ஹோஸ் போட்டு, அதன் வாயை ஒரு வெற்றுக் கானில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே தொங்க விடுங்கள். அதைவிட மேலே வந்தால் காற்றை இழுத்து மோட்டர் கருகும். தண்ணீர் போதாவிட்டால் கிணற்றை அகலமாக்குங்கள். பக்கத்து வளவுக்காரர் இறைக்கும் நேரத்தில் நீங்கள் இறைக்க வேண்டாம். இருவரும் அள்ளுவது ஒரே நீரைத்தான். கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, செறிவுதான் கூடும்.

கேள்வி: மழைநீர்த் தொட்டி கட்ட எண்ணுகிறோம். எத்தனை லீட்டர் வேண்டும்?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு மே முதல் செப்டெம்பர் வரை 150 நாளைக்கு 3,750 லீட்டர். ஆகவே 5,000 லீட்டர்த் தொட்டி. 40 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக 320 லீட்டர் சேரும். அப்படிப் பார்த்தால் 160 மில்லிமீற்றர் மழையிலேயே தொட்டி நிரம்பும். நம் பக்கத்து மார்கழி மழைக்கு இது பெரிய விடயமல்ல.

ஐப்பசியின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கச்சான் காற்று கொண்டுவந்த புழுதியும் காக்கை எச்சமும் அதில்தான் இறங்கும். பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் 20 லீட்டரை ஒதுக்க வேண்டும். பீலியிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டிக்கு முன் இரண்டரை மீற்றர் நீளமான 4 அங்குலக் குழாயை நிமிர்த்திப் பூட்டுங்கள். முதல் 20 லீட்டர் அதில் நிரம்பிய பிறகே மிச்சம் தொட்டிக்குப் போகும். அதன் அடி மூடியில் சிறு துளை இருந்தால் மழை விட்டதும் தானே வடியும். துளை சருகால் அடைபட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். கிழமைக்கொருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

கம்பிவலைச் சீமெந்துத் தொட்டியை முற்றாக வற்ற விட்டால் வெடிக்கும், அடியில் ஓரடித் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். வழிந்தோடும் குழாய்க்கும் நுளம்பு வலை கட்டுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

கேள்வி: பவுசர் தண்ணீரைத் தாங்கியில் வைத்துக் குடிக்கலாமா?
– வாசகி, வவுணதீவு

பதில்: குளோரின் மணம் இருந்தால் குடிக்கலாம். மணமில்லாவிட்டால் 1,000 லீட்டருக்குச் சுமார் 7 கிராம் வெளிற்றும் தூளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பைத் தூளுக்கு வீரியம் இருக்காது.