வாழைப்பழக் குடியரசு என்றால் என்ன? மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவை ஏன் அப்படிச் சொன்னார்கள்?

ஏற்றுமதிப் பயிர் ஒன்றிரண்டை நம்பி, அதை விற்கும் அந்நிய நிறுவனத்துக்கு அரசே கட்டுப்பட்டுக் கிடக்கும் நாடு. குவாத்தமாலா 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டாலும் நிலம் சிலர் கையிலேயே இருந்தது. அப்புறம் வந்த அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் நிறுவனம் வாழைத்தோட்டம், ரயில், துறைமுகம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கிணறும் கடையும் பேருந்தும் ஒரே பண்ணையாரிடம் இருந்தால், ஊர்த்தலைவர் யாரானாலும் பண்ணையார் பேச்சுதானே எடுபடும்? 1952-இல் அதிபர் ஆர்பென்ஸ் அந்த நிறுவனத்துடையது உட்பட, தரிசாகக் கிடந்த பெருநிலங்களை ஏழை உழவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் போட்டார், 1954-இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ நடத்திய கவிழ்ப்பில் பதவி இழந்தார். 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 2 லட்சம், பெரும்பாலோர் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாயா மக்கள். கொடுமை.

ஆர்பென்ஸ் நிலத்தைச் சும்மா பிடுங்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வரிக்கணக்கில் நிறுவனமே காட்டியிருந்த மதிப்பை இழப்பீடாகத் தர முன்வந்தார்.