நாவலும் தொடரும் ஒரே மேசையில்: ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ கேள்வி பதில்

மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய நாவலையும், அதை வைத்து 2017-இல் ஹூலு என்ற இணையத் தளத்தில் தொடங்கிய தொடரையும் பாலினம், அடையாளம் குறித்த ஆய்வுக் கட்டுரைக்காகச் சேர்த்துப் படிப்பவர்கள் கேட்டவை. கதையில், கிலியட் என்ற மதவாத ஆட்சி பெண்களின் உரிமைகளைப் பறித்து, பிள்ளை பெறக்கூடியவர்களைக் ‘கமாண்டர்’ எனும் உயர் அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தரும் ‘ஹேண்ட்மெய்ட்’களாக்குகிறது. அவர்களில் ஒருத்திதான் கதையைச் சொல்லும் நாயகி.

ஆறு சீசனையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். நாவலின் கதை பெரும்பாலும் முதல் சீசனின் 10 எபிசோடுகளிலேயே வந்துவிடுகிறது. கட்டுரைக்கு அதன் முதல் மூன்று எபிசோடுகளே தாராளம். நாவலை மட்டும் முழுதாகப் படியுங்கள், கடைசியில் உள்ள ‘வரலாற்றுக் குறிப்புகள்’ உட்பட. பின்னிணைப்பு என்று நினைத்துப் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அதில், 2195-இல் ஒரு கருத்தரங்கில் பேசும் பேராசிரியர், நாம் இதுவரை படித்தது கேசட்டுகளில் கிடைத்த பேச்சு என்றும், அதைத் தானும் சக ஆய்வாளரும் வரிசைப்படுத்தினோம் என்றும் சொல்கிறார். நாயகியின் குரலைக் கோத்தவர்கள் வேறு ஆட்கள். இது தெரியாமல் ‘பெண்ணின் கலப்பற்ற சொந்தக் குரல்’ என்று எழுதினால் வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

எந்தக் காட்சியில் தொடங்கலாம்?

28-ஆம் அத்தியாயம், மூன்றாவது எபிசோட். பெண்களின் வேலையும் வங்கிக் கணக்கும் பறிபோகும் நாள். முதலில் அத்தியாயத்தைப் படித்து, அவள் வாய்விட்டுச் சொல்வதை ஒரு நிறத்திலும் மனசுக்குள் நினைப்பதை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். பிறகு காட்சியை ஷாட் ஷாட்டாக நிறுத்தி, யார் முகம், யார் பேசுகிறார் என்று குறியுங்கள். தொடரில், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கணவன் லூக் சொன்னதும் தோழி மொய்ரா சீறுகிறாள். சண்டை வெளிப்படையாக நடக்கிறது. நாவலில் அன்றிரவு படுக்கையில் ஒரு சந்தேகம் எழுகிறது: இது அவனுக்குப் பிடித்திருக்கிறதோ? கேட்கப் பயந்து அவள் விட்டுவிடுகிறாள். அன்பான கணவனிடமே அதிகாரம் போய்ச் சேர்வதை, கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது என்பேன்.

நாயகியை ‘ஜூன்’ என்று எழுதலாமா?

தொடரைப் பற்றி என்றால் எழுதலாம். முதல் எபிசோட் முடிவில் அவளே சொல்கிறாள். நாவலில் அவள் ‘ஆஃப்ரெட்’ (Of Fred) மட்டும்தான்: கமாண்டர் ஃப்ரெட்டுக்கு உரியவள். முதல் அத்தியாயத்தின் கடைசியில் கிசுகிசுக்கப்படும் பெயர்களை வைத்து வாசகர்கள் ‘ஜூன்’ என்று ஊகித்தார்கள். தான் முதலில் அப்படி நினைக்கவில்லை, ஆனால் பொருந்துகிறது, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றார் அட்வுட்.

தொடரில் கறுப்பின நடிகர்கள் இருக்கிறார்களே, அது முன்னேற்றம்தானே?

பாதி சரி. நாவலில் கிலியட் ஆட்சி, ‘ஹாமின் பிள்ளைகள்’ (ஹாம், பைபிளில் நோவாவின் மகன்) என்று பெயரிட்டுக் கறுப்பினத்தவரை வடக்கு டகோட்டாவுக்குக் கட்டாயமாக அனுப்புகிறது. தொடரில் மொய்ராவும் லூக்கும் கறுப்பினத்தவர்கள். ஆனால் அந்த ஆட்சியின் இனவெறி ஏறக்குறைய காணாமல் போகிறது. சேர்ந்ததை எழுதும்போது போனதையும் எழுதுங்கள்.

மதிப்பெண் குறைவது எங்கே?

‘நாவல் ஆழம், தொடர் மேலோட்டம்’ என்ற தீர்ப்பில். அதே மூன்றாவது எபிசோடில் பெண்ணை நேசித்த குற்றத்துக்காக ஆஃப்கிளென் என்ற இன்னொரு ஹேண்ட்மெய்ட் தண்டிக்கப்படுகிறாள். வாய் கட்டப்பட்டிருப்பதால் வசனம் இல்லை. கண்களை மட்டும் வைத்தே நடிப்பு. நாவலில் அவள் முடிவு சில வரிகளில் செய்தியாக வருகிறது. இங்கே முந்துவது தொடர்தான். அந்தக் காட்சிகளை ஒருமுறை ஒலியை நிறுத்திப் பாருங்கள். மேற்கோள் காட்டும்போது சீசன், எபிசோட், நிமிடம் மூன்றையும் குறிப்பிடுங்கள்.