மோட்டார் கேள்வி பதில்: ஜெட்டைத் தொடும் முன்

கேள்வி: என் ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டாரில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓப்பன் ஃபில்டரும் ரேசிங் எக்சோஸும் மாட்டினேன். ஐட்லிங் (முறுக்காமல் ஓடுவது) நன்றாக நிற்கிறது. முழுக்க முறுக்கினால் இழுவை இல்லை, விட்டு விட்டு ஓடுகிறது. கையை விட்டால் எக்சோஸ் பட்படவென்று வெடிக்கிறது. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள சின்னத் திருகு) நான்கைந்து நம்பர் பெரிதாகப் போட்டால் சரியாகுமா? (வாசகர், செந்தூல்)

பதில்: ஒரேயடியாகத் தாவாதீர்கள். காற்று தாராளமாக நுழைவதால் எண்ணெய் (பெட்ரோல்) போதவில்லை என்பது சரிதான். ஆனாலும் முதலில் காற்றுக் கசிவைப் பாருங்கள். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டர் இன்டேக் குழாயோடு சேருமிடத்தில் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள். சூடான எக்சோஸ் மேல் படக்கூடாது. ஐட்லிங் மாறினால் அந்த இணைப்பிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. அதை மாற்றாமல் எந்த ஜெட் போட்டாலும் வீண். வெடிச் சத்தத்துக்கு எக்சோஸ் கேஸ்கெட்டையும் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) பாருங்கள்.

கசிவு இல்லையென்றால், த்ராட்டல் பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறதோ, அதுதான் எந்தப் பாகத்தைத் தொட வேண்டும் என்று சொல்லும். கால் வரைக்கும் பைலட் ஜெட் (குறைந்த முறுக்கலுக்கான சின்ன ஜெட்), கால் முதல் முக்கால் வரை நீடில் (முறுக்க முறுக்க உயரும் ஊசி), அதற்கு மேல் மெயின் ஜெட். முழுக்க முறுக்கிய நிலையிலிருந்து சற்றே இறக்கும்போது வண்டி பாய்ந்தால் மெயின் ஜெட் சிறியது. தடுமாறிக் கரும்புகை விட்டால் பெரியது.

ஜெட் தலையில் நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு 75 என்றால் 78, போதாவிட்டால் 80. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். எண்ணெய்க் குழாயை அடைத்து, மிதவைக் கிண்ணத்தை (கார்புரேட்டரின் அடியில் எண்ணெய் தேங்கும் கிண்ணம்) காலி செய்த பிறகே கழற்றுங்கள். பித்தளை மென்மையானது: சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், துளைக்குள் கம்பி விடவே கூடாது. நடுவில் இழுவை குறைந்தால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டுங்கள். நீடில் உயரும், எண்ணெய் கூடும். கையை விட்டதும் வெடிப்பது தொடர்ந்தால் பைலட் ஸ்க்ரூவை (ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்ப எண்ணெய் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எங்கள் கருத்து: பழைய பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். கோலாலம்பூர் மழையில் ஓப்பன் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும். இவ்வளவு சின்ன என்ஜினில் அதனால் கிடைக்கும் வேகமும் சொற்பம்.

கேள்வி: கெந்திங் மலை ஏறும்போது கார்புரேட்டர் மோட்டார் மந்தமாகிறது. சின்ன ஜெட் போடட்டுமா? (வாசகர், பத்துமலை)

பதில்: ஒரு நாள் பயணத்துக்கு வேண்டாம். உச்சி 1,700 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அதனால் எண்ணெய் மிஞ்சுகிறது, வேறு கோளாறு இல்லை. அங்கே ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டுக் கீழே இறங்கி, காராக் நெடுஞ்சாலையில் முழுக்க முறுக்கினால் எண்ணெய் போதாமல் பிஸ்டன் சூடேறி இறுகிவிடக்கூடும்.

கேள்வி: நிறுத்தி வைத்தால் கார்ப் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: மிதவை ஊசியின் (கிண்ணம் நிரம்பியதும் எண்ணெயை நிறுத்தும் ஊசி) நுனியைப் பாருங்கள். வளையம் போலத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தேயவில்லை என்றால் அது உட்காரும் துளையில் தூசி இருக்கலாம். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். அதுவரை எண்ணெய்க் குழாயை அடைத்து வையுங்கள்.